கதவு திறந்திருந்த ரகசிய நீதிமன்றம்

ஒரு விசாரணை ஒருதலைப்பட்சமாக, மூடிய அறைக்குள் நடந்தால் சட்டம் படித்தவர்கள் அதை "ஸ்டார் சேம்பர்" என்று திட்டுவார்கள். வசவு பொருத்தமானதுதான். 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஒரு நீதிமன்றம் இருந்தது. ஆனால் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் இருந்த அந்த அறையின் கதவு தீர்ப்பு நாளில் திறந்தே கிடந்தது என்பது பலருக்குத் தெரியாது. நீதிமன்றப் பருவத்தில் புதன், வெள்ளிக் காலைகளில் அமர்வு. பெரிய மனிதர் யாராவது சிக்கியிருந்தால் இடம் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். அப்படியென்றால் ரகசியம் எங்கே இருந்தது? அந்தக் காலைக்கு முந்தைய வாரங்களில், எழுத்தர்களின் சின்ன அறைகளில். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்ன உரிமை இருந்தது, அது எந்தக் கட்டத்தில் கைநழுவியது என்று தெரிய வேண்டுமானால் அந்த அறைகளைத்தான் பார்க்க வேண்டும்.

மேற்கூரையில் பொன் நட்சத்திரங்கள் பதித்த அறை என்பதால் அந்தப் பெயர். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசனின் ஆலோசனை சபை அங்கே கூடிவந்தது. 1515இல் லார்ட் சான்சலர், அதாவது அரசனின் தலைமைச் சட்ட அதிகாரி, ஆன உல்சி காலத்தில் அது வழக்கு மன்றமாகப் பெருத்தது. 1540 வாக்கில் பிரிவி கவுன்சில் என்ற அரசனின் நெருங்கிய ஆலோசனை சபையிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஆட்கள் மட்டும் அதே ஆட்கள்: பிரிவி கவுன்சில் உறுப்பினர்கள், கூடவே இரண்டு தலைமை நீதிபதிகள். ஜூரி கிடையாது. மரண தண்டனை விதிக்க அதிகாரம் இல்லை. அதற்குக் கீழே உள்ள எல்லாம் உண்டு: அபராதம், சிறை, சவுக்கடி, தொழுமரம், காது அறுப்பு, முகத்தில் சூடு.

முதலில் வழக்கமான வழக்கு. இங்கே வந்ததில் பெரும்பகுதி அரச துரோகமெல்லாம் இல்லை. நிலத்தகராறில் ஆள் சேர்த்துக்கொண்டு புகுந்து அடித்தது, கள்ளப் பத்திரம், பொய்ச் சாட்சி, அவதூறு. பிராது கொடுப்பவர் அதைத் தோல் தாளில் எழுதி, வக்கீல் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்வார். எதிராளிக்குச் சம்மன் போகும். அவர் வந்து ஆஜரானதைப் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம். பிராதின் நகல் வேண்டுமா, அதற்கும் கட்டணம், தாள் கணக்கில். நகலை வைத்து வக்கீலோடு உட்கார்ந்து பதிலுரை எழுதலாம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அன்றைய இங்கிலாந்தில் இது பெரிய சலுகை.

ஏனென்றால் பக்கத்திலேயே, சாதாரண நீதிமன்றத்தில் திருட்டுக்கோ கொலைக்கோ நிறுத்தப்பட்டவனுக்கு இதில் எதுவும் இல்லை. குற்றப்பத்திரிகையின் நகல் கிடையாது. வழக்கின் உண்மை விவரங்களில் அவனுக்காக வாதாட வக்கீல் கிடையாது. அவன் தரப்புச் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. அதனால் அவர்கள் பேச்சுக்கு எடை குறைவு. தூக்குக் கயிறு தொங்கும் வழக்கில் இப்படி! ராஜத்துரோக வழக்குகளில் இது 1696இல்தான் மாறியது. மற்ற பெருங்குற்றங்களில் வக்கீல் முழுமையாக வாதாட 1836 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டார் சேம்பரில் மாட்டியவனுக்கு எழுத்தில் குற்றச்சாட்டும், வக்கீலும், பிரமாணம் எடுத்த சாட்சியும் உண்டு. இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் ஸ்டார் சேம்பரை வெறும் அரக்கர் சபையாகக் காட்டுகிற எழுத்தை நான் நம்புவதில்லை.

சிக்கல் பதிலுரைக்கு அடுத்த படியில் தொடங்குகிறது. பதிலுரை தாக்கல் ஆனதும் பிராதுக்காரர் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுப்பார். எதிராளியை ஒரு விசாரணை எழுத்தர் தனியறைக்குக் கூட்டிப் போய், பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கி, பட்டியலை ஒவ்வொன்றாக வாசிப்பார். கேள்விகள் முன்கூட்டித் தெரியாது. வக்கீல் கூட வர முடியாது. பதிலுரையில் பொதுவாக "நான் செய்யவில்லை" என்றிருப்பான். இங்கே "அன்றைக்கு உன் கையில் கம்பு இருந்ததா, யார் கொடுத்தார்கள், முந்தின நாள் யார் வீட்டில் கூடினீர்கள்" என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். பிராதுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஆட்சேபிக்க வழி இருந்தது. ஆனால் எது சம்பந்தமில்லாதது என்று அந்த நொடியில், தனியாக, அவனேதான் முடிவெடுக்க வேண்டும். தவறாக மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு, சிறை. பிடிவாதமாகப் பதிலே சொல்லாவிட்டால் பிராதில் உள்ளதை எல்லாம் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சாட்சிகளுக்கும் இதே பாணி. எழுதிய கேள்விகள், தனியறை, எழுத்தர். எதிர்த்தரப்பு பக்கத்தில் நிற்க முடியாது. குறுக்குக் கேள்வி கேட்கலாம், ஆனால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சி என்ன சொன்னான் என்று தெரியாமலேயே அதற்குக் குறுக்குக் கேள்வி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு முறை உட்கார்ந்து முயன்று பார்த்தால் புரியும். தப்பான கேள்வி எழுதிவிட்டால் எதிரிக்குச் சாதகமான விவரம் ஒன்று கூடுதலாகப் பதிவாகிவிடும். எல்லா வாக்குமூலமும் முடிந்த பிறகுதான் கட்டைப் பிரித்து இரு தரப்புக்கும் நகல் கொடுப்பார்கள், மறுபடியும் தாளுக்கு இத்தனை என்று. அப்போது "இந்த ஆள் பொய் சொல்லியிருக்கிறான், அதை மறுக்க எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது" என்றால் பிரயோஜனம் இல்லை. கட்டு பிரிந்த பிறகு அதே விஷயத்தில் புதுச் சாட்சி சேர்க்க விடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் அந்தத் திறந்த கதவுக் காலை. வாயால் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். வாக்குமூலங்களை வாசிப்பார்கள், வக்கீல்கள் பேசுவார்கள், பிறகு உறுப்பினர்கள் கீழ்ப்பதவியில் தொடங்கி ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்வார்கள். லார்ட் சான்சலர் கடைசி. பெரும்பான்மை எதுவோ அது தீர்ப்பு. கூட்டம் பார்த்தது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான்.

அரசுத் தரப்புக்கு இதைவிடக் குறுக்கு வழி ஒன்று இருந்தது. லத்தீனில் "ஓரே டேனுஸ்" என்பார்கள், வாய்மொழி நடைமுறை. சந்தேகப்பட்டவனைப் பிடித்து உள்ளே வைத்து, அட்டர்னி ஜெனரலின் ஆட்கள் விசாரித்து, ஒப்புதலில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிராதும் வேண்டாம், பதிலுரையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். கூண்டில் நிறுத்தி "இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்டு, அங்கேயே தண்டனை. மேலே சொன்ன உரிமைகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் காலி.

சித்திரவதை பற்றியும் ஒரு வார்த்தை. உடலை இழுத்துக் கட்டும் ராக் பொறி ஸ்டார் சேம்பரின் தண்டனைப் பட்டியலில் இல்லை. சித்திரவதைக்கான உத்தரவுகள் பிரிவி கவுன்சிலிலிருந்து வந்தவை. 1540 முதல் 1640 வரையிலான நூறாண்டில் பதிவில் கிடைப்பவை 81. அவை ராஜத்துரோகம் போன்ற வழக்குகளில் தகவல் பிடுங்கப் பயன்பட்டவை. கவுன்சிலிலும் ஸ்டார் சேம்பரிலும் அதே முகங்கள் உட்கார்ந்ததால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

இனி வக்கீல் கையெழுத்துக்கு வருவோம். அந்த நீதிமன்றத்தின் குணம் முழுக்க அதில்தான் தெரிகிறது. பதிலுரையில் வக்கீலின் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும். நோக்கம் நியாயமானது: வெட்டிப் பேச்சும் வசவும் நிரம்பிய தாள்கள் வந்து குவியக்கூடாது. ஆனால் கையெழுத்துப் போடும் வக்கீல் உள்ளே இருக்கும் வார்த்தைகளுக்குப் பொறுப்பாகிறார். அரசாங்கத்தையோ பிஷப்புகளையோ தாக்கும் பதிலுரையில் யார் கையெழுத்துப் போடுவார்?

பயம் வீண் பயமும் இல்லை. 1607இல் நிக்கோலஸ் ஃபுல்லர் என்ற வக்கீல், ஹைகமிஷன் என்னும் திருச்சபை நீதிமன்றம் சிறையில் அடைத்த இருவருக்காக ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனுவில் வாதாடினார். வாதத்தில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்டார் என்று அதே நீதிமன்றம் அவரைப் பிடித்து 200 பவுண்ட் அபராதம் போட்டுச் சிறையில் தள்ளியது. கட்சிக்காரனுக்காகப் பேசிய வக்கீலின் கதி அது.

1637இல் வில்லியம் பிரின், ஹென்றி பர்ட்டன், ஜான் பாஸ்ட்விக் மூவரும் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பாதிரியார், ஒருவர் வைத்தியர். பிஷப்புகளைத் தாக்கி எழுதியது குற்றம். பிரினுக்கு இது இரண்டாம் முறை: 1634இலேயே 5000 பவுண்ட் அபராதம் விதித்து, காதுகளை வெட்டி, வக்கீல் தொழிலிலிருந்தும் நீக்கியிருந்தார்கள். இந்த முறை பதிலுரைகளில் கையெழுத்துப் போட வக்கீல்கள் பின்வாங்கினார்கள். நாங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றார்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். முடியாது என்றது நீதிமன்றம், விதி விதிதான். கையெழுத்து இல்லாத பதில், பதிலே இல்லை. பதில் இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

பர்ட்டன் கதை இன்னும் மோசம். அவருக்கு மட்டும் வக்கீல் கையெழுத்து கிடைத்தது, பதிலுரை முறைப்படி ஏற்கவும்பட்டது. பிறகு அதை இரண்டு தலைமை நீதிபதிகளின் பார்வைக்கு அனுப்பினார்கள். சம்பந்தமில்லாதது, அவதூறானது என்று சொல்லி 64 தாள்களை அடித்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது தொடக்கத்தில் சில வரி, முடிவில் சில வரி. அவர் தரப்பு நியாயம் என்று எழுதியது அத்தனையும் அந்த 64 தாளில்தான் இருந்தது. இந்த மிச்சத்தை என் பதில் என்று ஏற்கமாட்டேன் என்றார் பர்ட்டன். அதன் மேல் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லமாட்டேன் என்றார். சரி, அப்படியானால் ஒப்புக்கொண்டதாகப் பதிவு.

எங்கே விதி மீறப்பட்டது என்று தேடினால் கிடைக்காது. பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தாயா? கொடுத்தோம். வக்கீல் வைக்க அனுமதித்தாயா? அனுமதித்தோம். பிரினுக்கு வக்கீலை நீதிமன்றமே ஒதுக்கியும் கொடுத்தது. ஒவ்வொரு படியும் சட்டப்படி சரி. எனக்கு அந்த 64 தாள்தான், அறுந்த காதுகளைவிட அதிகம் உறுத்துகிறது.

1637 ஜூன் 14 அன்று தீர்ப்பு. விசாரணை தொடங்கும்போதே தலைமை நீதிபதி ஃபிஞ்ச், பிரினுக்குக் காது இல்லை என்றல்லவா நினைத்தேன், இருக்கிறது போலிருக்கிறதே என்றார். முடியை ஒதுக்கிக் காட்ட வைத்தார்கள். முதல் தண்டனையில் மிஞ்சிய துண்டுகள் தெரிந்தன. எந்தப் பேராயரைத் தாக்கி எழுதினார்களோ அந்த வில்லியம் லாட் அதே சபையில் உட்கார்ந்திருந்தார். நீண்ட உரை ஒன்றை ஆற்றிவிட்டு, இது என் சொந்த விஷயம் என்பதால் தண்டனை சொல்வதிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார்! ஆளுக்கு 5000 பவுண்ட், காது அறுப்பு, ஆயுள் சிறை. பிரினுக்குக் கூடுதலாகக் கன்னங்களில் எஸ்.எல். என்ற எழுத்துகளைச் சூட்டுக் கம்பியால் பொறிப்பது. தேசத்துரோக அவதூறுக்காரன் என்று பொருள். ஜூன் 30 அன்று அரண்மனை முற்றத்தில் நிறைவேற்றினார்கள். பார்க்க வந்த கூட்டம் தண்டனை பெற்றவர்கள் பக்கம் நின்றது.

ஃபுல்லரைச் சிறைக்கு அனுப்பிய ஹைகமிஷன், ஸ்டார் சேம்பரின் இரட்டை மாதிரி. 1559 சட்டத்தின் கீழ் எலிசபெத் அரசியின் அதிகாரத்தில் பிறந்த திருச்சபை நீதிமன்றம். இங்கே பிராது கொடுத்த ஆளே தேவையில்லை. ஊரில் பேச்சு இருக்கிறது என்பதே போதும். நீதிபதி தன் பதவியின் பேரில் விசாரணையைத் தொடங்கலாம். "எக்ஸ் அஃபிஷியோ" பிரமாணம் என்று பெயர் வந்தது அதனால்தான். என்ன குற்றச்சாட்டு என்று சொல்வதற்கு முன்பே, கேட்கிற எல்லாவற்றுக்கும் உண்மை சொல்வேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டு உண்மை சொன்னால் தானே தன்னைக் காட்டிக்கொடுத்தவன். பொய் சொன்னால் கடவுள் பேரில் பொய்ச் சத்தியம். அந்தக் காலத்துப் பக்திமானுக்கு அது நரகம். சத்தியமே செய்யாவிட்டால் அவமதிப்பு, சிறை. 1584இல் பேராயர் விட்கிஃப்ட் பாதிரியார்களைச் சோதிக்க 24 கேள்விகள் கொண்ட பட்டியல் தயாரித்தபோது, எலிசபெத் அரசியின் முதன்மை அமைச்சர் பர்லியே, ஸ்பெயின் நாட்டு மத விசாரணைக்காரர்கள்கூட இரையைப் பிடிக்க இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவருக்கு எழுதினார்.

இந்தப் பிரமாணத்தை ஸ்டார் சேம்பரிலேயே மறுத்துப் பேர் பெற்றவர் ஜான் லில்பர்ன். ஹாலந்திலிருந்து தடை செய்த புத்தகங்களைக் கொண்டுவந்தார் என்று 1637 டிசம்பரில் கைதானபோது வயது இருபதுகளின் தொடக்கம். அவரை மௌன உரிமையின் தந்தை என்கிறார்கள். நடந்ததைக் கவனித்துப் படித்தால், அவர் முதலில் கேட்டது மௌன உரிமையே இல்லை. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லவே செய்தார். பேச்சு வேறு ஆட்கள், வேறு விஷயங்கள் என்று பரவத் தொடங்கியதும், என்னைப் பிடித்த காரணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அதைப் பற்றிக் கேளுங்கள் என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஸ்டார் சேம்பர் எழுத்தர்களிடம் கூட்டிப் போனார்கள். ஆஜரானதைப் பதியக் கட்டணம் கட்டு என்றார்கள். எனக்குச் சம்மனே வரவில்லை, என் மேல் பிராதும் இல்லையே என்றார். முதலில் உன்னை விசாரிக்க வேண்டும், அப்புறம்தான் பிராது எழுதுவோம் என்று பதில் வந்தது. அதாவது இவர் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் இவர் மேலேயே குற்றச்சாட்டு! லில்பர்னுக்கு விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. பைபிளை நீட்டியபோது தொட மறுத்தார். எல்லாரும் எடுக்கிற சத்தியம்தானே, மற்றவர்களைவிட நீ அறிவாளியா என்று ஒரு எழுத்தர் வாதிட்டார். மற்றவர்கள் செய்வது எனக்குக் கணக்கில்லை என்றார் இவர்.

1638 பிப்ரவரி 13 அன்று, சத்தியம் எடுக்காத குற்றத்துக்கு, இவருக்கும் கூடச் சிக்கிய 80 வயது கடந்த ஜான் வார்ட்டனுக்கும் ஆளுக்கு 500 பவுண்ட் அபராதம். புத்தகக் குற்றம் கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏப்ரல் 18 அன்று ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை வண்டியின் பின்னால் கட்டி, வெறும் முதுகில் முடிச்சுப் போட்ட சவுக்கால் அடித்துக்கொண்டே போனார்கள். தொழுமரத்தில் மாட்டியும் பேசிக்கொண்டே இருந்தார். சட்டைப் பையிலிருந்து துண்டுப் பிரசுரங்களை எடுத்துக் கூட்டத்தில் வீசினார். அதனால் வாயை அடைத்தார்கள். உடனே காலால் தரையை உதைத்தார். வாய் போனால் கால்.

1640 நவம்பரில் கூடிய நாடாளுமன்றம் அவரை விடுவித்தது. 1641 ஜூலை 5 அன்று அரசனின் ஒப்புதல் பெற்ற இரண்டு சட்டங்கள் ஸ்டார் சேம்பரையும் ஹைகமிஷனையும் ஒழித்தன. ஸ்டார் சேம்பருக்கு ஆகஸ்ட் 1 கடைசி நாள். கட்டடத்தை மூடியதைவிட அந்தச் சட்டத்துக்குள் இருந்த இன்னொரு ஏற்பாடு முக்கியம். அரசனோ கவுன்சிலோ யாரையாவது சிறையில் வைத்தால் அவர் ஹேபியஸ் கார்பஸ் கேட்கலாம். சிறைக்காரர் காரணத்தைத் தாக்கல் செய்த பின் மூன்று நீதிமன்ற நாட்களுக்குள் அந்தக் காவல் சட்டப்படி சரியா என்று நீதிபதிகள் முடிவு செய்ய வேண்டும். தவறுகிற நீதிபதியே பாதிக்கப்பட்டவருக்கு மும்மடங்கு நஷ்டஈடு தர வேண்டும். சட்டத்தை மீறியவருக்கு என்ன ஆகும் என்றும் சேர்த்து எழுதியிருந்ததுதான் இதன் பலம். இடையில் ஒழிந்த மன்னராட்சி திரும்பிய பிறகு, 1661இல் திருச்சபை நீதிமன்றங்களை மீண்டும் திறந்தபோதுகூட எக்ஸ் அஃபிஷியோ பிரமாணத்தைத் திரும்ப விடவில்லை.

இந்த வழக்குகளைப் பிற்கால நீதிமன்றங்கள் எப்படி வாசித்தன என்பது தனி வேடிக்கை. 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வக்கீல் வேண்டாம், என் வழக்கை நானே நடத்திக்கொள்கிறேன் என்று கேட்ட ஃபரெட்டா என்பவரின் வழக்கில் அந்த உரிமையை ஏற்றது. விருப்பமில்லாதவன் மேல் வக்கீலைத் திணித்த பழைய நீதிமன்றம் எது என்று தேடி அது சுட்டிக்காட்டியது ஸ்டார் சேம்பரை, அந்தக் கட்டாயக் கையெழுத்தை.

நம் ஊருக்கும் நேரான கோடு ஒன்று வருகிறது. தன்மீதே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவை 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய்ந்தது. இந்தப் பாதுகாப்பு ஸ்டார் சேம்பரின் விசாரணை முறை மீது எழுந்த வெறுப்பிலிருந்து பிறந்தது என்று தீர்ப்பு சொல்கிறது, லில்பர்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனுதாரர்களுக்கு அதனால் லாபமில்லை. அலுவலகங்களில் சோதனை போட்டு ஆவணங்களைக் கைப்பற்றுவது, தன்மீதே சாட்சி சொல்ல வைப்பதாகாது என்று மனு தள்ளுபடியானது.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்டார் சேம்பரின் பிராதுகள், பதிலுரைகள், கேள்விப் பட்டியல்கள், வாக்குமூலங்கள் எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். தீர்ப்புகளையும் ஆணைகளையும் எழுதிவைத்த பதிவேடுகள்தான் தொலைந்துவிட்டன. அதனால் பல வழக்குகளில் தனியறையில் கேட்ட கேள்விகள் நமக்குத் தெரியும். வழக்கு எப்படி முடிந்தது என்று பார்க்க, அபராதம் வசூலித்த கருவூலக் கணக்கில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும்.